தூர் பார்க்காமல் எழுதிய வரி

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒருமுறை மோட்டார் போட. ஒருமுறை தெருவில் காய் வண்டிச் சத்தம் கேட்டு. மூன்றாவது முறை எதற்கென்று எனக்கே தெரியவில்லை. ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. இன்னும் காலை ஆறரை மணிக்குக் கை ஸ்கூட்டி சாவியைத் தேடுகிறது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் நால்வரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்துல இருந்து எதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அமிர்தக்கரைசல் எப்படிக் கலப்பது, எந்த நாளில் தெளிப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. கையேட்டில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரைக் குழுவின் பதிவேட்டில் நான் எழுதியது, பிறகு அதை அடிக்க நான் பட்ட பாடு. அதைச் சொல்கிறேன்.

நான் விவசாயம் படித்தவள் இல்லை. கணவருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. இருபத்தைந்து ஆண்டு சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிள்ளைகள் வெளியூர் போனபிறகு, நாற்பத்திரண்டு வயதில், ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். குறிஞ்சிப்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் உரம், பூச்சிமருந்து இல்லாமல் நெல் பயிரிடும் குழுக்களைக் கட்டுவது வேலை. எனக்கு மேலே இருந்த ஒருங்கிணைப்பாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் வைத்த பெயர்தான் 'எக்ஸ்பிரஸ்'. ஒரு ஊரில் கூட்டம் முடிவதற்குள் அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

அந்த வேகம் பலமுறை கைகொடுத்ததும் உண்மை. ஒரு அறுவடையில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது தெற்கே வானம் கறுத்துவிட்டது. தார்ப்பாய் இரண்டுதான் இருந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நகரியத்துக்குப் பறந்து, கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் கெஞ்சி, ஒரு டாடா ஏஸ் நிறையத் தார்ப்பாய் கொண்டுவந்து இறக்கினேன். கடைசி மூலையை மூடியபோது முதல் சொட்டு விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது. வேகமாக முடிவெடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

நான் சொல்லப்போகும் குழுவில் பதினொரு குடும்பங்கள். கிச்சிலிச் சம்பா நட்டார்கள். முதல் ஆண்டு விளைச்சல் பாதியாகிவிட்டது. "இவங்க பேச்சக் கேட்டு உருப்பட்டாப்பலதான்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அப்போது குழு கலைந்துபோகாமல் பிடித்து நிறுத்தியவர் குழுத் தலைவர் தட்சிணாமூர்த்தி. சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை, ஊரில் மூன்று ஏக்கர் நிலம், வீட்டையொட்டி ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் எங்கள் கூட்டங்கள் நடக்கும், விதைநெல் இருக்கும், சாணமும் கோமியமும் ஊறும். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் வயலுக்குப் போய்விடுவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் கேட்டார்கள்.

பதினோராவது ஆளாகச் சேர்ந்தவர் கலைவாணி. தலைமுறை தலைமுறையாக மற்றவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்த குடும்பம். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பதினைந்து பெண்களைச் சேர்த்து நடவுக் குழு நடத்திச் சேமித்த பணத்தில் முக்கால் ஏக்கர் வாங்கியிருந்தார். அவர்கள் வீட்டில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவரைச் சேர்க்கச் சிலர் முகம் சுளித்தார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போதும் தட்சிணாமூர்த்திதான் பேசினார். "அவ வயல்ல களையே நிக்காது. வேலை தெரிஞ்சவ. சேத்துக்கங்க." இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. பின்னால் நடந்ததைக் கேட்கும்போது அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடத் தோன்றும்.

கலைவாணியின் வயல், தட்சிணாமூர்த்தியின் வயலுக்கு நேர் கீழே. மேல் வயலின் மடையைத் திறந்தால் தண்ணீர் அவர் வயலில் இறங்கும். அவருக்குத் தனி வாய்க்கால் கிடையாது.

இயற்கை விவசாயச் சான்றுக்கு நாங்கள் பெரிய அதிகாரிகளை அழைப்பதில்லை. பக்கத்து ஊர்க் குழு வந்து எங்கள் வயல்களைப் பார்க்கும். நாங்கள் போய் அவர்கள் வயல்களைப் பார்ப்போம். மூன்று ஆண்டு ரசாயனம் படாமல் இருந்தால் சான்று. அந்தச் சான்று வந்துவிட்டால் அரிசியை நேரடியாக வாங்கிக்கொள்வதாக நகரியத்துக் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் பல சொல்லி வைத்திருந்தன. அது மூன்றாம் ஆண்டு. ஆய்வுக்கு எட்டு நாள் இருந்தது.

மார்கழி. ஒரு வாரமாக வெயில் இல்லை, மூடிக்கிடந்தது. புகையான் இறங்கிவிட்டது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி. இலையில் உட்காராது. பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, நாங்கள் தூர் என்று சொல்லும் இடத்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகவே இருக்கும். திடீரென்று ஒருநாள் வயலுக்கு நடுவில் வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். காய்ந்த வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகும். அதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நிலம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரை வடியுங்கள், பயிரை விலக்கிக் காற்று போக வழி விடுங்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை குழு உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். "மேடம், கலைவாணி வயல்ல நண்டு, மீனெல்லாம் செத்து மெதக்குது. வந்து பாருங்க. நேத்து முந்தாநாளு அவ தெளிப்பான மாட்டிக்கினு வயல்ல நின்னத நான் பாத்தேன்."

பதினொரு மணிக்கு எனக்கு வேறு ஊரில் கூட்டம். பத்தே காலுக்கு வரப்பில் நின்றேன். கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. நண்டுகள் கால்களை மடக்கிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியிருந்தன. மருந்து வாடையும் லேசாக வந்தது. மூன்று ஆண்டாக நாங்கள் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டது அந்த நண்டுகளைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கலைவாணி வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அடிச்ச?" என்றேன்.

"வேப்பங்கொட்டதான் மேடம் அடிச்சேன். நீங்க சொன்னதுதான். வேற ஒண்ணுமில்ல."

"வேப்பங்கொட்டைக்கு நண்டு சாகுமா?"

"அதாம் மேடம் எனக்கும் புரியல. காலைல வந்து பாக்கறேன், இப்படிக் கெடக்குது. எறங்கி வாங்க. வந்து தூரப் பாருங்க."

"எனக்குப் பாக்க என்ன இருக்கு? கண்ணு முன்னாடி மெதக்குதே."

"தூரப் பாருங்க மேடம்" என்று இன்னொரு முறை சொன்னார். குனிந்து ஒரு பயிரைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, நான் இறங்குவேன் என்று காத்திருந்தார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "சாயங்காலம் கூட்டம். வந்துடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தட்சிணாமூர்த்தியை நான் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கலைவாணியை 'நீ' என்பேன். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மூன்று ஆண்டில் ஒரு நாளும் அது எனக்கு உறைத்ததில்லை.

மாலை நான்கு மணிக்குக் கொட்டகையில் கூடினோம். பேச்சு சூடாகத்தான் இருந்தது. "ஒருத்தியால எல்லாரும் போவணுமா?" என்றார் ஒருவர். "மொதல்லயே சொன்னோமே" என்றார் இன்னொருவர். கலைவாணி நின்றுகொண்டே இருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. "நா அடிக்கல" என்று ஒரே ஒரு முறை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆய்வுக்கு முன்னால் அவரை நீக்கிவிட்டால் மற்ற பத்துக் குடும்பமும் தப்பிக்கும். நான் அப்படித்தான் யோசித்தேன். தட்சிணாமூர்த்தியைப் பார்த்தேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எளுதிடுங்க மேடம். குழுவக் காப்பாத்தணும்ல" என்றார்.

எழுதினேன். 'விதியை மீறி ரசாயனம் தெளித்ததால் திருமதி கலைவாணி குழுவிலிருந்து நீக்கப்படுகிறார்.' பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன்.

"எளுதறத எளுதிக்கங்க. நா கையெழுத்து போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குக் கீழே, 'கையெழுத்திட மறுத்தார்' என்றும் எழுதினேன். அதை எழுதும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை. ஆய்வுக்கு வயல் வரைபடம் போட வேண்டும். இடையில் பெய்த மழையில் கலைவாணியின் வரப்பு ஓரிடத்தில் உடைந்திருந்தது. சுற்றிப் போக நேரமாகும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய வயலுக்குள் இறங்கினேன். நான்கு எட்டு வைத்ததும் கால் வழுக்கியது. விழாமல் இருக்க ஒரு பயிரைப் பற்றினேன். கையில் என்னவோ நமநமவென்று ஊர்ந்தது.

குனிந்து பார்த்தேன். தூர் முழுக்கப் புகையான். உயிரோடு. பக்கத்துப் பயிரை விலக்கினேன், அங்கேயும். நடுநடுவே சின்னச் சின்னச் சிலந்திகள் அந்தப் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்படியே நின்றுவிட்டேன். புகையானுக்காகத்தான் மருந்து அடிப்பார்கள். இங்கே மருந்து அடித்திருந்தால் புகையான் எப்படி உயிரோடு இருக்கும்? சிலந்தி எப்படி இருக்கும்? தண்ணீருக்குள் இருந்தது செத்திருக்கிறது. தண்ணீருக்கு மேலே இருந்தது பிழைத்திருக்கிறது. அப்படியானால் மருந்து தெளிப்பானிலிருந்து வரவில்லை. தண்ணீரில் வந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும்.

மேல் வயலுக்கு ஏறினேன். தட்சிணாமூர்த்தியின் மூன்று ஏக்கர். ஒரு தூர், பத்துத் தூர், வரிசையாக விலக்கிப் பார்த்தேன். புகையான் ஒன்றுகூட இல்லை. சிலந்தியும் இல்லை. தட்டான் இல்லை. அவ்வளவு பெரிய வயலில் ஊர்வது, பறப்பது எதுவும் இல்லை. ஊரெல்லாம் புகையான் இருக்கும்போது இந்த மூன்று ஏக்கரில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? கலைவாணி அன்றைக்கு என்னை இறங்கச் சொன்னது, தன் வயல் தூரில் உயிரோடு இருந்த பூச்சியைப் பார்க்கத்தான். ஐந்து நிமிட வேலை.

தட்சிணாமூர்த்திக்கு அன்றைக்கு முதல் ஷிஃப்ட். மதியம் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். நிற்க முடியவில்லை, நிறுத்தத்துக்கும் டீக்கடைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். அவர் இறங்கி, என் புடவையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். அதற்குமேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வட்டம் கட்டிடுச்சு மேடம்" என்றார். "காலைல பாத்தா ஒரு வட்டம், மறுநாளு மூணு. வேப்பங்கொட்ட அடிச்சுக்கினு ஒக்காந்திருந்தா மூணு ஏக்கரும் போயிருக்கும். பயந்துட்டேன். விடியக்காலைல அடிச்சேன். மறுநாளு மழ வந்துச்சு, தண்ணி கட்டக்கூடாதேன்னு மடையத் தொறந்துட்டேன். கீழ எறங்கும்னு அந்த நேரத்துல தோணல."

"கூட்டத்துல தோணிச்சில்ல?"

அவர் டீக்கடைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"உங்க வாயாலதான எழுதச் சொன்னீங்க?"

"நா மட்டும் போனா பரவால்ல மேடம். நா போனா குழுவே போயிடும். உங்களுக்கே தெரியும். ஆய்வு முடியட்டும். அப்பறமா நானே அவகிட்ட பேசிக்கறேன்."

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, மூணு வருஷம் பட்டினி மாதிரி கிடந்து வந்திருக்காங்க. பத்துக் குடும்பம். அவர் பேர் வெளிய வந்தா அடுத்த வருஷம் ஒருத்தர்கூட நிக்கமாட்டாங்க. இன்னும் அஞ்சு நாள். அதுக்கப்பறம் அமைதியா சரி பண்ணிக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதுதான் பிரச்சினை. பொய் என்று தெரிந்தும் நியாயமாகப்படுகிற யோசனைகள் இந்த வேலையில் நிறைய வரும்.

நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். இதுதான் என் இரண்டாவது தவறு; முதலாவதைவிடப் பெரிது. முதலாவது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்தேன். அந்த நான்கு நாளும் உட்கார முடியவில்லை. காரணமே இல்லாமல் நகரியத்துக்குள் வண்டியில் சுற்றினேன். பிளாக் பிளாக்காக, ரவுண்டானா ரவுண்டானாவாக. பெட்ரோல் போட்டதுதான் மிச்சம். "என்ன ஆச்சு உனக்கு, சாப்பாட்டையும் நின்னுக்கிட்டே சாப்பிடற" என்றார் கணவர். வியாழக்கிழமை குறிஞ்சிப்பாடி பேருந்து நிலையத்தில் கலைவாணியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

ஆய்வு நாள். பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஆறு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தலைவி கண்ணாடி போட்ட, கனத்த குரலுள்ள பெண்மணி. கொட்டகையில் பாய் விரித்திருந்தது. தட்சிணாமூர்த்தியின் மனைவி அஞ்சலாட்சி சுண்டலும் டீயும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவி பதிவேட்டைப் புரட்டினார். நான் எழுதிய பக்கம் வந்தது. "ஒருத்தங்கள நீக்கியிருக்கீங்களே, என்ன விசயம்?" என்று கேட்டார்.

என்ன சொல்வதென்று நான் தயார் செய்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"அது தப்புங்க. நான் எழுதினதுதான். வயல்ல இறங்காம, வரப்புல நின்னு பார்த்துட்டு எழுதிட்டேன். அவங்க மருந்து அடிக்கல. மேல் வயல் தண்ணியில வந்திருக்கு. நாலு நாளா எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தேன்."

பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் வயல் யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தட்சிணாமூர்த்தி எழுந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தார். "எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட். பஸ்ஸு போயிடும்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

அஞ்சலாட்சி கையிலிருந்த டீத் தட்டைக் கீழே வைத்தார்.

"எங்க வயலுதாங்க" என்றார். "மருந்த நாந்தான் கலக்கிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு இங்க நின்னப்பவும் நா உள்ளதான் இருந்தேன். கேட்டுக்கினுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தட்டை எடுத்து மீதிப் பேருக்கு டீ கொடுக்க ஆரம்பித்தார்.

நான் போய்க் கலைவாணியை அழைத்து வந்தேன். எங்கள் பக்கம் மல்லாட்டைக் கொல்லை என்று சொல்லும் நிலக்கடலை வயலில் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டை, கையில் களைக்கொத்து. "என்னாத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தார்.

வந்திருந்த குழு இரண்டு வயல்களையும் இறங்கிப் பார்த்தது. முடிவை அந்தத் தலைவி சொன்னார். தட்சிணாமூர்த்தியின் மூன்று ஏக்கரும் முதலாம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். மற்ற ஒன்பது குடும்பங்களுக்குச் சான்று உண்டு. பிறகு கொஞ்சம் தயங்கி, கலைவாணியைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க வயல்லயும் மருந்துத் தண்ணி நின்னிருக்கும்மா. அதுவும் மொதல்லேருந்துதான் வரணும்."

"நா தப்பு பண்ணலன்னு இப்பதான சொன்னீங்க?"

"ஒங்க மேல தப்பு இல்ல. ஆனா மண்ணுக்கு அது தெரியாதே."

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். என்ன பேசுவது? விதி சரிதான். ஒன்றும் செய்யாதவருக்கும் செய்தவருக்கும் ஒரே தண்டனை, அதுவும் சரியான விதியின்படி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.

கலைவாணி களைக்கொத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். "மண்ணுக்குத் தெரியாது, சரி. மனுசங்களுக்குத் தெரியணுமில்ல?" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஊரெல்லாம் நா மருந்தடிச்சேன்னு ஆயிப்போச்சு. நோட்டுல அடிச்சிட்டா எனக்குப் போதாது. எந்தெந்த வூட்டுல அந்தப் பேச்சு போச்சோ அங்கெல்லாம் நீங்களே வந்து சொல்லணும். நானும் கூட வருவேன்."

"வரேங்க" என்றேன். அவரை 'ங்க' போட்டு நான் பேசிய முதல் சொல் அது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைப்பாளர் பயந்ததில் பாதி நடந்தது. அடுத்த பருவத்தில் மூன்று குடும்பங்கள் விலகின. தட்சிணாமூர்த்தி தலைவர் பொறுப்பை விட்டார். குழுவை விட்டுப் போகவில்லை. மருந்தில் சிலந்தியெல்லாம் செத்த அந்த வயலில், மூன்று வாரத்தில் புகையான் திரும்பி வந்தது. தடுக்க ஒன்றும் இல்லாததால் முன்பைவிட மோசமாகப் பரவி, ஒரு ஏக்கருக்கு மேல் பதராய்ப் போனது. கலைவாணியின் வயலில் ஒரு மூலை மட்டும் காய்ந்தது, மீதி தப்பியது. தை மாதம் தன் வார விடுமுறை நாட்களில் தட்சிணாமூர்த்தி மண்வெட்டியோடு இறங்கி, தன் நிலத்தில் ஓர் ஓரத்தை விட்டுக்கொடுத்து, கலைவாணியின் வயலுக்குத் தனி வாய்க்கால் வெட்டினார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. வெட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கலைவாணி நின்று, வாய்க்கால் மட்டம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான் இப்போதும் அமைதியில்லாமல் நினைத்துக்கொண்டிருப்பது கலைவாணியோடு வீடு வீடாகப் போன அந்த நடையைத்தான். நீங்கள் களத்தில் தினமும் ஏதாவது எழுதுவீர்கள். செல்போனில், படிவத்தில், பதிவேட்டில். எழுதியது அங்கேயே இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது. நீங்கள் வண்டியை எடுப்பதற்குள் அது தெருவுக்குப் போய்விடும். யாருடைய பெயரையாவது எழுதும் முன், அவர் காட்ட விரும்பியதைப் பார்த்தேனா என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமில்லை என்று தோன்றினால், பின்னால் எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று இதோ சொல்கிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றைக்குக் காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். வண்டி வேண்டாம் என்றார் கலைவாணி. முதலில் குழுக்காரர்கள் வீடுகள். பிறகு நெசவாளர் தெரு, அரிசி மில், ரேஷன் கடை, அவருடைய நடவுக் குழுப் பெண்களின் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நான் சொன்னேன்: "கலைவாணி மருந்து அடிச்சாங்கன்னு நான் எழுதினது தப்பு. அவங்க அடிக்கல. நான் பார்க்காம எழுதிட்டேன்." அவர் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் 'பார்க்காம' என்பதை விட்டுவிட்டேன். "அதையும் சொல்லுங்க" என்றார்.

சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர், "வுடுங்க மேடம், அது பழைய கதையாச்சே" என்றார்கள். மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. திறக்கும்வரை கலைவாணி நகரவில்லை.

மதியம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "எம் பொண்ண அங்க மருந்துக்காரி பொண்ணுன்னு கூப்புடறாங்க" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. ஏழாம் வகுப்பு ஆசிரியை ஐந்து நிமிடம் கொடுத்தார். கரும்பலகைக்கு முன்னால் நின்று, காலையிலிருந்து சொன்னதையே சொன்னேன். கலைவாணியின் மகள் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி கையைத் தூக்கினாள்.

"அப்போ மொதல்ல ஏன் பொய் சொன்னீங்க?"

"பொய் சொல்லலம்மா. பார்க்காம சொல்லிட்டேன்."

"அதும் பொய்தானே?"

ஆசிரியை அவளை அதட்டினார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். "ஆமா. பொய்தான்" என்றேன். கலைவாணியின் மகள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்தோம். வெயில் ஏறியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பள்ளி வாசலில் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

"இன்னும் ரெண்டு வூடு இருக்கு மேடம்" என்றார் கலைவாணி. சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.